தோல்விகள் கட்டிய மூன்று கோப்பைகள்: யுப் ஹைன்கெஸின் நெடும்பயணம்

2012 மே 19. மியூனிக்கின் அலியான்ஸ் அரேனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். சொந்த மைதானத்தில் ஆடிய பேயர்ன் மியூனிக்குக்கு 20 கார்னர்கள் கிடைத்தன. செல்சீக்கு ஒன்றே ஒன்று. 83-வது நிமிடத்தில் தோமாஸ் முல்லர் தலையால் முட்டி கோல் போட்டார். நான்கு நிமிடம் கழித்துப் பேயர்னின் பயிற்சியாளர் யுப் ஹைன்கெஸ் அவரை வெளியே அழைத்துக்கொண்டு, உயரமான தடுப்பாட்டக்காரர் டானியல் வான் பியூட்டனை இறக்கினார். உடனே வந்தது செல்சீயின் அந்த ஒரே கார்னர். ஹுவான் மாட்டா அடித்த பந்தை டிடியே ட்ரோக்பா முன்கம்பத்தை நோக்கி ஓடிவந்து முட்டினார். 1-1. கூடுதல் நேரத்தில் ஆர்யன் ராபன் அடித்த பெனால்டியை பெட்ர் செக் பிடித்துவிட்டார். பெனால்டி ஷூட்அவுட் வந்தபோது முல்லர் களத்தில் இல்லை. மூன்றாவது உதையை கோல்கீப்பர் மானுவல் நோயர் அடித்தார். ஒலிச்சும் ஷ்வைன்ஸ்டைகரும் தவறவிட்டார்கள். 4-3 என்று கோப்பை லண்டனுக்குப் போனது.

அந்த சீசனில் பேயர்னுக்கு எல்லாமே இரண்டாமிடம்தான். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் டார்ட்முண்டுக்கு 81 புள்ளிகள், பேயர்னுக்கு 73. ஜெர்மன் கோப்பை இறுதியில் அதே டார்ட்முண்டிடம் 2-5. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் அதே பயிற்சியாளர் மூன்று கோப்பைகளையும் வென்றுவிட்டார். ஆண்கள் கால்பந்தில் ஒரே சீசனில் அந்த மூன்றையும் வென்ற முதல் ஜெர்மன் கிளப் அதுதான். அப்போது யுப் ஹைன்கெஸுக்கு வயது 68.

இந்த மாற்றத்தைப் பலரும் இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: பணக்கார கிளப், கனிந்த மனம் கொண்ட பெரியவர். இரண்டும் உண்மைதான், ஆனால் போதாது. 2013-ல் மைதானத்தில் தெரிந்த ஒவ்வொரு நல்ல விஷயத்துக்கும் பின்னால், அவர் முன்பு எங்கேயோ தோற்ற ஓர் ஆட்டமோ வேலை பறிபோன ஒரு கிளப்போ இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆட்டக்காரர் ஹைன்கெஸிலிருந்தே தொடங்க வேண்டும்.

கிளாட்பாக் தந்த கண்

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுநாள், 1945 மே 9 அன்று, மோன்ஷன்கிளாட்பாக்கில் பிறந்தவர். அப்பா கொல்லர். யுப் சுவர்ப்பூச்சு வேலை பழகினார். 1960-களில் உள்ளூர் கிளப்பான போருசியாவுக்கு (சுருக்கமாக கிளாட்பாக்) ஆடத் தொடங்கினார். அங்கே பயிற்சியாளர் ஹென்னஸ் வைஸ்வைலர். இளம் வீரர்கள், விரைவான எதிர்த்தாக்குதல், பந்து கிடைத்தவுடன் முன்னால் ஓட்டம்: இதுதான் அவருடைய பாணி. இடையில் 1967 முதல் 1970 வரை ஹனோவர் 96-க்குப் போனதைத் தவிர, ஹைன்கெஸ் ஆடியதெல்லாம் கிளாட்பாக்குக்குத்தான்.

புண்டஸ்லிகாவில் 369 ஆட்டங்கள், 220 கோல்கள். அவற்றில் 195 கிளாட்பாக்குக்கு அடித்தவை. லீகின் மொத்த வரலாற்றிலும் லெவன்டோவ்ஸ்கி, கெர்ட் முல்லர், கிளவுஸ் ஃபிஷர் ஆகியோருக்கு அடுத்து அவர்தான் நிற்கிறார். 1974-ல் கெர்ட் முல்லரோடு சேர்ந்து 30 கோல்கள், 1975-ல் தனியாக 27 கோல்கள் என்று லீகின் முதல் கோலடிப்பாளர். லீக் பட்டம் நான்கு முறை: 1971, 1975, 1976, 1977. 1972 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியில் சோவியத் யூனியனை 3-0 என்று வென்ற மேற்கு ஜெர்மனி அணியில் வலப்பக்க முன்வரிசையில் ஆடினார். 1974 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார், ஆனால் இறுதி ஆட்டத்தில் இறங்கவில்லை.

இந்தப் பட்டியலைவிட முக்கியமானது, அந்த கிளாட்பாக் எப்படித் தோற்றது என்பது. 1971 அக்டோபரில் இன்டர் மிலானை 7-1 என்று நொறுக்கினார்கள்; ஹைன்கெஸுக்கு இரண்டு கோல்கள். கூட்டத்திலிருந்து வந்த ஒரு டின் இன்டரின் பொனின்செக்னா மீது பட்டதால் அந்த ஆட்டமே செல்லாது என்று ரத்தானது. மிலானில் 2-4, மறுபடி நடத்திய ஆட்டத்தில் 0-0, வெளியேறினார்கள். இரண்டு ஆட்டங்களாக நடந்த 1973 யூஎஃபா கோப்பை இறுதியில் லிவர்பூலிடம் முதல் ஆட்டத்தில் 0-3. திரும்பி வந்து சொந்த மண்ணில் ஹைன்கெஸ் இரண்டு கோல் போட்டும் ஒரு கோல் குறைந்தது. அதே ஆண்டு கொலோனுக்கு எதிரான ஜெர்மன் கோப்பை இறுதியில் அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். குன்டர் நெட்சர் தானாகவே களமிறங்கி கூடுதல் நேரத்தில் அடித்த கோலால்தான் அணி தப்பியது. இரண்டு ஆண்டு கழித்து, 1975-ல், யூஎஃபா கோப்பை கிடைத்தது. ட்வென்டேயுடன் முதல் ஆட்டம் 0-0. ஹாலந்துக்குப் போய் 5-1, அதில் ஹைன்கெஸுக்கு மட்டும் மூன்று.

ஆட்டக்காரராக அவருடைய கடைசி லீக் ஆட்டம் 1978 ஏப்ரல் 29 அன்று. கிளாட்பாக்கும் கொலோனும் சமப் புள்ளியில் இருந்தன. கோல் வித்தியாசத்தில் கொலோன் 10 முன்னால். கிளாட்பாக் டார்ட்முண்டை 12-0 என்று வென்றது. புண்டஸ்லிகாவில் இன்றுவரை இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. ஹைன்கெஸுக்கு ஐந்து கோல்கள். மறுபக்கம் கொலோன் செயின்ட் பவுலியை 5-0 என்று வென்றதால் மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டம் அவர்களுக்குப் போனது. பன்னிரண்டு அடித்தும் பட்டம் கிடைக்காத அணியிலிருந்து விடைபெற்றவர், பயிற்சியாளர் ஆனபின் கோல் வித்தியாசத்தையும் வெளியூர்க் கோலையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனாலும் அவை அவரை விடவில்லை. 1979-ல், 34 வயதில், கிளாட்பாக்கின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் சீசனிலேயே யூஎஃபா கோப்பை இறுதி. ஃபிராங்க்ஃபர்ட்டுடன் வீட்டில் 3-2, வெளியில் 0-1, வெளியூர்க் கோல் விதியில் (மொத்தக் கோல்கள் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்த அணிக்கு வெற்றி) தோல்வி. 1984-ல் ஷ்டுட்கார்ட், ஹம்பர்க், கிளாட்பாக் மூன்றும் 48 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் கிளாட்பாக்குக்கு மூன்றாமிடம். அதே ஆண்டு கோப்பை இறுதி பேயர்னுடன் 1-1 முடிந்து பெனால்டிக்குப் போனது. பேயர்னுக்கே மாறப்போகிற லோதர் மத்தேயஸ், கிளாட்பாக்குக்காக அடித்த தன் உதையை மேலே அனுப்பினார். 1985 நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 5-1 என்று வென்ற அணி, டிசம்பரில் மாட்ரிட்டில் 0-4 என்று தோற்று, மறுபடி வெளியூர்க் கோலில் விழுந்தது.

இந்த எட்டு ஆண்டுகளில் ஒரு பட்டமும் இல்லை. ஆனால் இது தோற்ற பயிற்சியாளரின் காலம் என்று எழுதுவது நியாயமாகாது. நல்ல ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் விற்றாக வேண்டிய கிளப் அது. அதை மேல்வரிசையிலேயே வைத்திருந்ததுதான் 1987-ல் பேயர்ன் அவரை அழைக்கக் காரணம்.

வேலை பறிபோன இடங்கள்

பேயர்னில் 1989, 1990 லீக் பட்டங்கள் வந்தன. 1990 கொண்டாட்டத்தில், மியூனிக் நகரமன்ற மாடத்தில் நின்று, அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) கொண்டுவருவோம் என்று ரசிகர்களுக்கு வாக்குக் கொடுத்தார். 1991 அரையிறுதியில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரிடம் வீட்டில் 1-2. வெளியில் 2-1 என்று முன்னால் இருந்தபோது கடைசி நிமிடத்தில் கேப்டன் கிளவுஸ் ஆகன்தாலரின் காலில் பட்ட பந்து சொந்த வலைக்குள் விழுந்தது.

அந்தக் கோடையில் ஆகன்தாலர் ஓய்வு பெற்றார். ஸ்டெஃபான் ராய்ட்டரும் யுர்கன் கோலரும் யுவென்டஸுக்குப் போனார்கள். தடுப்பு வரிசையை ஒரே கோடையில் இழந்த அணிக்கு ஈடான ஆட்கள் வரவில்லை. அக்டோபரில், அந்த ஆண்டுதான் முதல்நிலை லீகுக்கு மேலேறி வந்த ஷ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸிடம் சொந்த மைதானத்தில் 1-4. சில நாட்களில் வேலை போயிற்று. அப்போதைய மேலாளர் ஊலி ஹோனெஸ், ஹைன்கெஸை நீக்கியது தன் பெரிய தவறு என்று பின்னாளில் பலமுறை சொன்னார். பேயர்ன் அவரை மறுபடி மறுபடி அழைத்ததற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்து ஸ்பெயின். 1992-94 அத்லெடிக் பில்பாவோ. பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே ஆடவைக்கும் கிளப் அது. கையில் இருப்பவர்களை வளர்த்துத்தான் அணி கட்ட முடியும். ஹூலன் கெரேரோ என்ற பதின்வயதுப் பையனுக்கு அங்கே வாய்ப்புக் கொடுத்தது ஹைன்கெஸ்தான். யூஎஃபா கோப்பைக்கும் தகுதி பெற்றுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பிறகு ஃபிராங்க்ஃபர்ட். அவருடைய வாழ்க்கையில் மிகவும் பாடம் தந்த தோல்வி இது என்று எனக்குப் படுகிறது. 1994 இறுதியில், கூடுதல் பயிற்சி விஷயத்தில் அந்தோனி யெபோவா, ஜே-ஜே ஒகோச்சா, மவுரிசியோ கவுதினோ மூவரோடும் முட்டிக்கொண்டு, அணியின் மூன்று பெரிய திறமைகளையும் ஓரங்கட்டினார். ஒழுங்கு காப்பாற்றப்பட்டது, அணி சரிந்தது. சில மாதங்களில் அவரும் விலகினார். நட்சத்திரம் முறைத்துக்கொண்டால் அவரை வெளியே நிறுத்துவது சுலபம். மறுநாள் அவர் இடத்தில் யார் கோல் போடுவது என்ற கேள்விக்கு அன்று அவரிடம் பதில் இல்லை.

டெனரிஃபேவில் இரண்டு நல்ல ஆண்டுகள். அங்கிருந்து 1997-ல் ரியல் மாட்ரிட். 1966-க்குப் பிறகு 32 ஆண்டுகளாக ஐரோப்பியக் கோப்பையைத் தொடாத கிளப் அது. 1998 மே 20 அன்று ஆம்ஸ்டர்டாமில் யுவென்டஸை பிரெட்ராக் மியாதோவிச்சின் ஒரே கோலால் வென்றார்கள். ஆனால் ஸ்பானிய லீகில் நான்காமிடம். கோப்பை கையில் இருக்கும்போதே வேலை போனது. போர்ச்சுகலின் பென்ஃபிகாவில் இருந்தபோது ஸ்பெயினின் செல்டா விகோவிடம் 0-7 தோல்வி. மறுபடி பில்பாவோ. ஷால்கேயில் ஓராண்டு கடந்ததும் நீக்கம். 2006-ல் சொந்த ஊர் கிளாட்பாக்குக்குத் திரும்பியவர், அணி இரண்டாம்நிலை லீகுக்கு இறங்கும் நிலைக்குப் போனதால் 2007 ஜனவரி இறுதியில் தானே விலகினார். 61 வயது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2009 ஏப்ரலில் பேயர்ன் யுர்கன் கிளின்ஸ்மனை நீக்கியபோது ஐந்தே ஆட்டங்கள் மிச்சம். ஹைன்கெஸ் வந்தார்: நான்கு வெற்றி, ஒரு டிரா, இரண்டாமிடம். அதன்பின் லெவர்குசனில் இரண்டு ஆண்டுகள். முதல் சீசனில் 24 ஆட்டங்கள் வரை தோல்வியே இல்லை. இரண்டாவதில் லீகில் இரண்டாமிடம். இங்கே அவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர், பேயர்னிலிருந்து கடனாக வந்திருந்த 19 வயது டோனி குரூஸ். மற்றவர், உதவிப் பயிற்சியாளர் பீட்டர் ஹெர்மன். அன்றாடப் பயிற்சியின் பெரும்பகுதியை ஹெர்மனை நம்பி ஒப்படைத்தார். ஆட்டக்காரர்களோடு பேசவும் கவனிக்கவும் நேரம் கிடைத்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் கையில் இல்லாத நேரம் அது.

2012 கோடையில் என்ன மாறியது

லெவர்குசனிலிருந்து வந்து ஹைன்கெஸ் மறுபடி பொறுப்பேற்ற 2011-12 பேயர்ன் மோசமான அணி அல்ல. 34 லீக் ஆட்டங்களில் 22 கோல்கள்தான் விட்டது. பழுது வேறு இடத்தில். பந்தை இழந்ததும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே தூரம் கூடிவிடும். ராபனோ ஃபிராங்க் ரிபெரியோ திரும்பி வரத் தாமதித்தால், பக்கத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் இருவரைச் சமாளிக்க வேண்டும். அவருக்கு உதவ நடுக்களத்துக்காரர் பக்கவாட்டில் நகர்ந்தால் நடு திறக்கும். அதை அடைக்க மையத் தடுப்பாட்டக்காரர் முன்னால் வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் காலி இடம். டார்ட்முண்ட் இந்தத் தொடரைத்தான் திரும்பத் திரும்ப அவிழ்த்தது.

சரிசெய்தது மூன்று இடங்களில். முதலாவது, நடுக்களம். பில்பாவோவில் இரண்டு முறை வேலை பார்த்த ஹைன்கெஸ், அத்லெடிக்கின் 23 வயது ஹாவி மார்டினெஸ்தான் வேண்டும் என்று நின்றார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை 4 கோடி யூரோ. அதுவரை எந்த ஜெர்மன் கிளப்பும் அவ்வளவு கொடுத்ததில்லை. உயரம், தலையாட்டம், மையத் தடுப்பிலும் ஆடிய பழக்கம்: மார்டினெஸ் பின்னால் நின்றால் ஷ்வைன்ஸ்டைகர் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வரலாம். மேலே சொன்ன தொடரின் நடுக்கண்ணி அத்தோடு இறுகியது.

இரண்டாவது, முன்வரிசை. கணுக்கால் காயத்தால் மரியோ கோமஸ் சீசனின் தொடக்கத்தில் இல்லை. வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து வந்த மரியோ மான்சூகிச் இடம்பிடித்தார். கோமஸ் அவரைவிடத் தேர்ந்த கோலடிப்பாளர். ஆனால் மான்சூகிச் எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் துரத்திக்கொண்டே இருப்பார். பந்து பறிபோன அடுத்த சில நொடிகளில் அருகிலிருக்கும் மூன்று நான்கு பேர் பந்தைச் சூழ வேண்டும், பின்வரிசை அதே நேரத்தில் மேலே ஏற வேண்டும் என்பது ஹைன்கெஸின் விதி. முதல் ஆள் ஓடாவிட்டால் மற்றவர்கள் ஓடுவது வீண். பின்வரிசை ஏறியிருப்பது ஆபத்து. அதனால்தான் கோமஸ் குணமான பிறகும் மான்சூகிச் இடம் மாறவில்லை.

மூன்றாவது, மிகக் கடினமானது: ரிபெரியையும் ராபனையும் பின்னால் ஓட வைப்பது. பந்து எதிரணியிடம் இருக்கும்போது ரிபெரி டேவிட் அலாபாவுக்கு முன்னாலும், வலப்பக்கத்தில் முல்லரோ ராபனோ ஃபிலிப் லாமுக்கு முன்னாலும் வந்து நின்றாக வேண்டும். அணி 4-4-2 வடிவத்துக்கு (பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) மாறும். முன்னால் மான்சூகிச்சும் குரூஸும். காயங்களுக்குப் பிறகு ராபன் பல முக்கிய ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி இங்கே எதுவும் வெடிக்கவில்லை.

பலன் எண்களில் தெரியும். முதல் 17 லீக் ஆட்டங்களில் விட்ட கோல்கள் 7. 2013 ஜனவரி 16 அன்று, அடுத்த சீசனுக்கு பெப் குவார்டியோலா வருகிறார் என்று கிளப் அறிவித்தது. போகப்போகிற பயிற்சியாளரின் சொல் எடுபடாமல் போகும் நேரம் அது. இவர்களோ பின்பாதி 17 ஆட்டங்களில் 16 வென்று ஒன்றை டிரா செய்தார்கள். மொத்தம் 91 புள்ளிகள், 98 கோல்கள், விட்டவை 18, ஒரே தோல்வி. அந்தத் தோல்வியும் பழைய கிளப் லெவர்குசனிடம். ஏப்ரல் 6 அன்றே, 28-வது சுற்றில், பட்டம் உறுதியானது.

எல்லாம் திட்டப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. மார்ச்சில் ஆர்சனலிடம் வீட்டிலேயே 0-2 தோற்று, வெளியூர்க் கோலில்தான் காலிறுதிக்கு நுழைந்தார்கள். வாழ்க்கை முழுக்க அவரை வீழ்த்திய விதி அன்று அவர் பக்கம் நின்றது. ஏப்ரல் 2 அன்று யுவென்டஸுக்கு எதிராகப் பதினாறாவது நிமிடத்தில் குரூஸ் காயம் பட்டு வெளியேறினார், சீசனே முடிந்தது. அவருக்குப் பதிலாக ராபன் வந்தார், முல்லர் நடுவுக்கு நகர்ந்தார். அணியின் சிறந்த பாஸ்காரரை இழந்த அந்த விபத்துதான், பார்சிலோனாவை 4-0, 3-0 என்று சிதறடித்த முன்வரிசையை உருவாக்கியது. அந்த 4-0-இல் முதல் இரண்டு கோல்களும் கார்னரைத் தொடர்ந்து, தலையால் திருப்பிவிட்ட பந்துகளில் வந்தன. உயரத்தில் பார்சிலோனாவால் ஈடுகொடுக்க முடியாது என்பதைக் கணக்கிட்டு ஆடியது தெளிவாகத் தெரிந்தது.

மே 25, வெம்ப்ளி. முதல் 25 நிமிடம் டார்ட்முண்டின் கையில். நெருக்கித் துரத்தினார்கள், நோயர் பலமுறை காப்பாற்றினார். ஷ்வைன்ஸ்டைகர் கீழே இறங்கி, மையத் தடுப்பாட்டக்காரர்களோடு ஒட்டிநின்று பந்து வாங்கத் தொடங்கியதும் பின்னால் ஓர் ஆள் கூடிற்று, துரத்தல் தளர்ந்தது. 60-வது நிமிடத்தில் ரிபெரி, ராபன் வழியாக வந்த பந்தை மான்சூகிச் தள்ளினார். 68-ல் பேயர்னின் டான்டே டார்ட்முண்டின் ராய்ஸை இடறிவிட, குண்டோகன் பெனால்டியில் சமன் செய்தார்.

ஓராண்டுக்கு முந்தைய மியூனிக் ஆட்டத்தோடு ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். 1-0 ஆனபோதும் 1-1 ஆனபோதும் ஹைன்கெஸ் ஒருவரையும் மாற்றவில்லை. முல்லர், ரிபெரி, ராபன், மான்சூகிச் நால்வரும் களத்திலேயே இருந்தார்கள். 89-வது நிமிடத்தில் ஜெரோம் போவாடெங் அடித்த நீண்ட ஃப்ரீ கிக்கை ரிபெரி குதிகாலால் தட்டிவிட, ராபன் இருவருக்கு நடுவே நுழைந்து மெதுவாக உருட்டினார். முதல் மாற்று ஆள் இறங்கியது அதற்குப் பிறகுதான். ஜூன் 1 அன்று பெர்லினில் ஷ்டுட்கார்ட்டை 3-2 என்று வென்றதும் மூன்றாவது கோப்பையும் வந்தது. 3-0 முன்னிலை கடைசியில் ஒரு கோலாகச் சுருங்கியதை மறைக்க வேண்டியதில்லை.

2017 அக்டோபரில், கார்லோ அஞ்செலோட்டியை நீக்கிய பேயர்ன் 72 வயது ஹைன்கெஸை மறுபடி அழைத்தது. டார்ட்முண்டைவிட 5 புள்ளிகள் பின்னால் இருந்த அணி, 21 புள்ளி முன்னிலையில் பட்டம் வென்றது. ஹெர்மனையும் கூடவே வரவழைத்துக்கொண்டார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 1-2, 2-2. கடைசி ஆட்டம் 2018 மே 19 அன்று ஜெர்மன் கோப்பை இறுதி. ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-3. எதிரணியின் பயிற்சியாளர், அடுத்த மாதங்களில் பேயர்னில் அவருடைய நாற்காலிக்கு வரவிருந்த நிகோ கோவாச்.